ஒரு கல்லுக்குப் பல வயதோ?

பூமியின் பழமையை ஆராயும் அறிஞர் ஒருவர், ஒரு கல்லை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ஒரு தேசத்துப் பரிசோதனைச்சாலைக்கும் மற்றொரு பாதியை வேறொரு தேசத்துப் பரிசோதனைச்சாலைக்கும் அனுப்புகிறார் என்று கொள்வோம். சில திங்கள் கழித்து இரண்டு விடைகள் வருகின்றன. இரண்டும் ஒன்றாயிருப்பின் மகிழ்ச்சியே. ஆனால் ஒன்றற்கொன்று பன்னிரண்டு இலட்சம் ஆண்டு வேறுபட்டிருப்பின் யாது செய்வது? கல் ஒன்று, அதற்கு வயதும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆகவே இருவருள் ஒருவரேனும் தவறியிருக்கின்றனர். அவ்வொருவர் யாவர்? தவறு எங்கே நேர்ந்தது? இதனை எவ்வாறு அறிவது?

இவ்வினா பூகர்ப்ப சாஸ்திர நிபுணர்க்கு மட்டும் உரியதன்று. துலாக்கோலும் கண்ணாடிக் குழலும் கையிற் பிடித்துப் பழகும் மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் உரியதென்று நாம் கருதுகிறோம். ஆதலின் நமது துணிபை முதலிலேயே கூறிவிடுவோம். ஓர் அளவு, அளந்தவன் கையில் மட்டும் நிற்கும்வரை அஃது ஒருவனுடைய கூற்றேயாகும். பிறர் கையிலும் அவ்வாறே நின்றபின்னரே அறிவாகும். அங்ஙனம் நில்லாதவிடத்து, அவ்வேற்றுமையை மறையாமல் வெளியிடுதலே சாஸ்திரத்துக்குச் செய்யும் மெய்த்தொண்டாகும். இதனை ஓர் உண்மை வரலாற்றினால் நிலைநாட்ட முயல்வோம்.

முதற்கண் விஷயத்தைச் சுருங்க விளக்குதல் நலம். ஒரே தனிமத்தின் அணுக்கள் யாவும் எடையில் ஒன்றாயிருப்பதில்லை. இரசாயன குணத்தில் ஒத்தும் எடையில் வேறுபட்டும் உள்ள அணுவகைகளை ஐசோடோப்புகள் என்பர். யுரேனியத்தில் 238 எடையுள்ளதும் 235 எடையுள்ளதும் உண்டு. முன்னது படிப்படியாகச் சிதைந்து முடிவில் 206 எடையுள்ள ஈயமாகிறது. பின்னது 207 எடையுள்ள ஈயமாகிறது. முன்னதிற் பாதி மாறுதற்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டும், பின்னதிற் பாதி மாறுதற்கு ஏறக்குறைய 70 கோடி ஆண்டும் செல்லும். எரிமலைக் குழம்பு ஆறும்போது தோன்றும் சிர்க்கான் என்னும் நுண்ணிய படிகம், யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தையோ ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிடும். ஆகவே பிற்காலத்தில் அதனுள்ளே காணப்படும் ஈயம் பெரும்பாலும் யுரேனியத்தின் மகவேயாம். தாயையும் மகவையும் எண்ணி ஒப்பிட்டால் படிகம் பிறந்த காலம் புலப்படும்.

எண்ணுவது எவ்வாறு? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னுங் கருவி, அணுக்களை அவற்றின் எடைக்கேற்பப் பிரித்து, ஒருவகை மற்றொருவகைக்கு எத்தனை மடங்கென்று காட்டும். அது விகிதத்தை நன்றாய்க் காட்டுமேயன்றி, மொத்தம் எத்துணை என்று தானாகக் காட்டுவதில்லை. அதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒரு குதிரிலுள்ள நெல்மணிகள் எத்தனை என்று அறிய வேண்டுமாயின், எல்லாவற்றையும் எண்ண வேண்டுவதில்லை. சாயம் தோய்த்த ஆயிரம் மணிகளை அதிற் கொட்டி, நன்றாகக் கலந்து, ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் போதும். அப்பிடியில் ஒரு சாயமணிக்கு ஐம்பது வெறுமணி இருக்குமானால், குதிரில் ஐம்பதினாயிரம் மணி உண்டென்று சொல்லிவிடலாம். அவ்வாறே, கரைத்த படிகத்தோடு அளவறிந்த ஓர் அடையாளக் கரைசலைச் சேர்ப்பர். இயற்கையிற் காணப்படாத, மனிதரால் ஆக்கப்பட்ட 205 எடையுள்ள ஈயம் இதற்கு மிகவும் உகந்தது.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஆயிரம் என்று எண்ணிக் கொட்டிய சாயமணிகள் உண்மையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாக இருந்தால் நேர்வது யாது? பிடிப்பிடியாக நூறுமுறை அள்ளி எண்ணினும் விடை நூறுமுறையும் ஒன்றுபோலவே வரும். நூறுமுறையும் ஒன்றுபோலவே தவறாகவும் வரும். அளப்பவனோ, தன் விடைகள் ஒன்றோடொன்று இசைவதைக் கண்டு, தன் திறமையை மெச்சிக்கொள்வான். ஒரே பரிசோதனைச்சாலைக்குள் இருந்துகொண்டு இப்பிழையைக் காண வழியில்லை. வேறொருவர், வேறொரு கரைசலைக் கொண்டு, அதே கல்லை அளந்தாலன்றி இது வெளிப்படாது.

இனி நாம் முன்னே குறித்த வரலாற்றுக்கு வருவோம். சீன தேசத்துச் செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்னும் ஊரில் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் உள்ளன. பூமியின் வரலாற்றில் நிகழ்ந்த உயிரழிவுகளுள் மிகப் பெரியதன் சுவடு அவ்வடுக்குகளில் பதிந்திருக்கின்றது. பெர்மியன் காலத்தின் இறுதியில் நேர்ந்த அவ்வழிவில், கடல்வாழ் உயிரினங்களுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை மறைந்தொழிந்தன என்பர். அக்காலத்தையும் அடுத்த டிரயாசிக் காலத்தையும் பிரிக்கும் எல்லைக்குறியாக மெய்ஷானையே உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் 2001-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டனர். அவ்வடுக்குகளினிடையே எரிமலைச் சாம்பற் படலங்களும், அச்சாம்பலில் சிர்க்கான் படிகங்களும் கிடைப்பது ஆராய்ச்சியாளர் செய்த பாக்கியம்.

மற்றொருபுறம், சைபீரியாவில் அக்காலத்தை ஒட்டிப் பெருவெள்ளமாய்ப் பாய்ந்த எரிமலைக் குழம்பு ஆறி இறுகிப் பரந்து கிடக்கின்றது. அவ்வெரிமலையே உயிரழிவுக்குக் காரணமோ என்பது வினா. காரணமாயின் அது காரியத்துக்கு முற்பட்டு நிகழ்ந்திருத்தல் வேண்டும். எரிமலை பொங்கியது அழிவுக்குப் பின்னரென்று ஏற்பட்டால் வழக்கு தள்ளுபடியாகும். ஆகவே, சீனத்துச் சாம்பலின் வயதையும் சைபீரியப் பாறையின் வயதையும் அருகருகே வைத்து, எது முந்தியது என்று சொல்லக்கூடிய நுட்பம் வேண்டும். ஒன்றை ஒரு சாலையும் மற்றொன்றை வேறொரு சாலையும் அளந்திருந்தால், அவ்விரு சாலைகளின் அளவுகோல்களுக்கிடையே உள்ள வேற்றுமையே முன்பின் முறையை மாற்றிக் காட்டிவிடும்.

நிகழ்ந்தது இது. 1991-ஆம் ஆண்டில் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியச் சர்வகலாசாலையின் கருவியைக் கொண்டு மெய்ஷான் சாம்பலை அளந்தவர்கள், அதன் வயது 25 கோடியே 12 இலட்சம் ஆண்டு என்றனர். பிழையெல்லை இருபுறமும் 34 இலட்சம் ஆண்டு. 1995-இல் பால் ரென்னியும் அவர்தம் துணைவரும் ஆர்கான் ஐசோடோப்பு முறையால் மெய்ஷானையும் சைபீரியாவையும் அளந்து, இரண்டும் ஏறக்குறைய 25 கோடி ஆண்டு என்று கண்டனர். 1998-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விநிலையத்தைச் சேர்ந்த சாமுவேல் பௌரிங் என்பாரும் அவர் குழுவினரும் யுரேனியம்–ஈய முறையால் 25 கோடியே 14 இலட்சம் என்றும், பிழையெல்லை 3 இலட்சமே என்றும் அறிவித்தனர். 2004-இல் பெர்க்லியைச் சேர்ந்த ரோலண்ட் முண்டில் என்பாரும் அவர் குழுவினரும் அதே முறையால் 25 கோடியே 26 இலட்சம் என்றும், பிழையெல்லை 2 இலட்சமே என்றும் அறிவித்தனர்.

கடைசி இரண்டையும் அன்பர்கள் கூர்ந்து நோக்குவாராக. முறை ஒன்று, அடுக்கு ஒன்று, விடைகளுக்கிடையே பன்னிரண்டு இலட்சம் ஆண்டு. ஒருவர் 3 இலட்சத்துக்கு மேல் தவறோம் என்கிறார். மற்றவர் 2 இலட்சத்துக்கு மேல் தவறோம் என்கிறார். இரண்டு பிழையெல்லைகளையும் கூட்டினும் இடைவெளி அடைபடவில்லை. இருவரும் பெயர்பெற்ற நிபுணர், இருவரும் நேர்மையாளர். ஆயினும் இரண்டு கூற்றும் ஒருங்கே மெய்யாதல் இயலாது.

இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணம் படிகத்தின் உள்ளேயே இருந்தது. சில சிர்க்கான்கள் காலப்போக்கில் தம் ஈயத்திற் சிறுபங்கை வெளியே கசியவிட்டிருந்தன. ஈயம் குறைந்தால் கல் இளமையாய்த் தோன்றும். இதற்குக் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மாட்டின்சன் ஒரு பரிகாரம் கண்டார். படிகத்தைச் சூட்டில் பதப்படுத்தி, பின்னர்க் கடுமையான அமிலத்தில் ஊறவைத்தால், ஈயம் இழந்த சிதைந்த பகுதிகள் கரைந்துபோம். பழுதற்ற பகுதியே எஞ்சும். அவர் 2005-இல் விரிவாக வெளியிட்ட அம்முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. முண்டில் குழுவினர் 2004-லேயே அம்முறையைத் தழுவிப் படிகங்களைத் தூய்மை செய்திருந்தனர். நாம் கருதவேண்டுவது, இக்குறை ஒருவர் அறையில் ஒருவரே தனித்திருந்து கண்டதன்று என்பதே. இரண்டு சாலைகளின் எண்கள் ஒன்றோடொன்று மோதியமையாலேயே எல்லாரும் படிகத்தை மறுபடியும் உற்றுநோக்கினர்.

ஆர்கான் முறைக்கும் யுரேனிய முறைக்கும் இடையேயும் ஒரு பிணக்கு இருந்தது. ஆர்கான் முறையில், வயதறியாத கல்லோடு வயதறிந்த ஒரு கனிமத்தையும் சேர்த்து அணு உலையில் வைத்து, பின்னர் இரண்டையும் ஒப்பிடுவர். ஆகவே அவ்வறிந்த கனிமத்தின் வயதில் எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழையும் விடையில் ஏறும். இதற்கு மிகுதியாகப் பயன்படுவது அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்துப் பிஷ் கான்யன் என்னுமிடத்துச் சானிடைன் கனிமம். அதன் வயது 1998-இல் 2 கோடியே 80 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டென்று கொள்ளப்பட்டது. மொராக்கோ தேசத்துச் சாம்பற் படலங்களின் காலத்தை வானசாஸ்திரக் கணக்கோடு பொருத்திப் பார்த்த குழுவினர், 2008-இல் அதனை 2 கோடியே 82 இலட்சத்து ஆயிரம் என்று திருத்தினர். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கும் இல்லையே என்று சிலர் எண்ணலாம். அச்சிறு வித்தியாசமே, 25 கோடி ஆண்டுக் கல்லுக்கு வரும்போது ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டாக விரிகின்றது. படி சிறிது குறைந்தால் களஞ்சியத்தில் மூட்டை மூட்டையாய்க் குறையுமன்றோ?

இந்நிலையிலேதான், தனித்தனியே உழைத்த காலவியலாளர்கள் ஒருங்குகூடி ஒரு பொதுவேலையை மேற்கொண்டனர். ‘எர்த்டைம்’ என்னும் பெயரால் 2003-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவ்வியக்கத்தின் முதல் வேலை எளியது, ஆயினும் அரியது. சாலைதோறும் வெவ்வேறு அடையாளக் கரைசலைக் கலக்கிக்கொண்டிராமல், ஒரே கரைசலை மிகுதியாக ஆக்கி, பகுத்து, எல்லார்க்கும் அனுப்பினர். அக்கரைசலிலுள்ள ஈயமும் யுரேனியமும் எவ்வளவென்று எடைக்கற்களின் மூலப்பிரமாணம் வரையிற் பின்சென்று நிறுத்துப் பார்த்தனர். அதன் முழுக்கணக்கும் 2015-இல் அச்சேறியது. ஒரு கரைசலின் கணக்கை எழுத இத்தனை காலமா என்று கேட்பார்க்கு, அதன் மீதே ஆயிரக்கணக்கான வயதுகள் நிற்கின்றன என்பதே விடை.

பயன் விரைவிற் கண்டது. மெய்ஷான் உயிரழிவின் காலம் 25 கோடியே 22 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டை ஒட்டியதென்று 2011-இல் ஒரு பெருங்குழு அறிவித்து, பிழையெல்லை 80 ஆயிரம் என்றது. 2014-இல் சேத் பர்ஜெஸ், பௌரிங் முதலியோர் அப்பொதுக்கரைசலைக் கொண்டும், மாட்டின்சன் முறையால் தூய்மை செய்த படிகங்களைக் கொண்டும் மறுபடியும் அளந்தனர். பெர்மியன்–டிரயாசிக் எல்லை 25 கோடியே 19 இலட்சத்து 2 ஆயிரம் ஆண்டு. பிழையெல்லை 24 ஆயிரம். அழிவு நீடித்த காலமோ ஏறக்குறைய 60 ஆயிரம் ஆண்டே என்று அவர்கள் கண்டனர். மூன்றாண்டில் விடை மூன்று இலட்சம் ஆண்டுக்கு மேல் நகர்ந்ததை நோக்குக. முன் அளந்தோருள் சிலரே பின்னும் அளந்தனர். தம் பழைய எண்ணைத் தாமே திருத்தினர். அதனால் அவர்கள் பெருமை குன்றவில்லை; உயர்ந்தது.

அடுத்த ஆண்டே, அதே கரைசலாலும் அதே முறையாலும் சைபீரியப் பாறைகளின் காலத்தையும் பர்ஜெஸும் பௌரிங்கும் வெளியிட்டனர். அக்குழம்பின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அழிவுக்கு முன்னும் அழிவு நிகழ்ந்த காலத்திலுமாக ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டுக்குள் பொங்கி வழிந்ததென்று அவர்கள் கண்டனர். காரணம் காரியத்துக்கு முற்பட்டே நின்றது. எரிமலையின் மீதிருந்த வழக்கு இதனால் உரம்பெற்றது. பல இலட்சம் ஆண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த அளவுகளை வைத்துக்கொண்டு இதனைச் சொல்லியிருக்க இயலுமோ?

இங்கே எதிர்வாதம் ஒன்று எழலாம். “எல்லாரும் ஒரே கரைசலைக் கைக்கொண்டால், அதிலுள்ள பிழையும் எல்லார்க்கும் பொதுவாகுமே! ஒற்றுமை உண்டாகலாம், உண்மை உண்டாகுமோ?” என்று வினவுவர். வினா நியாயமானதே. இதனை அலட்சியம் செய்தல் தகாது. சான்றும் உண்டு. யுரேனியத்தில் 238 எடையுள்ள அணுக்கள் 235 எடையுள்ளவற்றைப்போல் 137.88 மடங்கு என்பது உலகத்தார் யாவரும் ஒத்துக்கொண்ட எண். 1977-இல் வெளியான காலவியலாளரின் பொது உடன்படிக்கையும் அதனையே விதித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் எல்லாரும் அதனையே எழுதினர். பிழையெல்லை கூட அதற்கு இடப்படவில்லை. 2012-இல் பல இடத்துச் சிர்க்கான்களைப் புதிதாக அளந்தவர்கள், அது 137.818 என்றே கொள்ளத்தக்கதென்றும், இடத்துக்கிடம் சிறிது வேறுபடுவதென்றும் காட்டினர். ஆகவே உலகமனைத்தும் உடன்படினும் ஓர் எண் பொய்ப்படலாம்.

பிரமாணமாகக் கொண்ட பொருளே பிரமாணத்துக்குத் தவறுவதும் உண்டு. கான்பராவிலே வில்லியம் காம்ப்ஸ்டனின் தலைமையில் அமைந்த ‘ஷ்ரிம்ப்’ என்னும் அயனிக்கற்றைக் கருவிக்கு, இலங்கையிற் கிடைத்த ஒரு சிர்க்கான் நெடுநாள் உரைகல்லாக இருந்தது. எஸ்.எல். 13 என்பது அதன் பெயர். 57 கோடியே 20 இலட்சம் ஆண்டு என்பது அதற்குக் கொண்ட வயது. நாம் முன்னே கூறிய 1991-ஆம் ஆண்டின் மெய்ஷான் அளவும் அக்கல்லோடு ஒப்பிட்டுப் பெற்றதே. பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது, அக்கல்லினுள்ளேயே இடத்துக்கிடம் ஈயமும் யுரேனியமும் வெவ்வேறு விகிதத்தில் நிற்பது தெரியவந்தது. உரைகல்லே ஒருசீராக இல்லையாயின் பொன்னின் மாற்றை எங்ஙனம் காண்பது? ஆகவே ஆஸ்திரேலியாவின் டெமோரா என்னுமிடத்துச் சிர்க்கானையும் அதுபோல்வன பிறவற்றையும் அதற்கு மாற்றாகக் கைக்கொண்டனர். இலங்கைக் கல்லுக்கு இஃது இழுக்கன்று. அஃது அழகிய இரத்தினக்கல். மனிதரே அதனிடம் இல்லாத குணத்தை அதன் மீது ஏற்றினர்.

கரியின் ஐசோடோப்புகளை அளக்கும் துறையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. லித்தியம் கார்பனேட்டாலாகிய எல்ஸ்வெக் என்னும் தூளை 2006-இல் இரண்டாவது பிரமாணப் பொருளாக விதித்தனர். அத்தூள் குப்பியைத் திறக்குந்தோறும் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து, தன் அளவை மாற்றிக்கொண்டிருந்தது. பல சாலைகள் தத்தம் குப்பிகளை ஒப்பிட்டபோதுதான் இது புலனாயிற்று. பிறகு அதனைக் கைவிடுமாறு அறிவுரை பிறந்தது.

இவற்றால் எதிர்வாதம் வலுப்பெறுகிறதோ? இல்லை என்பதே நமது கருத்து. மேலே கூறிய பிழைகள் அனைத்தும் எவ்வாறு வெளிப்பட்டன? தனித்திருந்து தியானித்தமையால் அன்று, ஒப்பிட்டமையால். பொதுப்பிரமாணத்தின் பிழையைக் காட்டியதும் மேலும் நுட்பமான ஒப்பீடே. ஆகவே நோய்க்கு மருந்து ஒப்பீட்டை விடுவதன்று. ஒரே முறையோடு நின்றுவிடாமல், வேறு வேறு முறைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதாகும். யுரேனியக் கடிகாரத்தை ஆர்கான் கடிகாரத்தோடும், இரண்டையும் வானசாஸ்திரக் கணக்கோடும் ஒத்துப்பார்த்தல் இதன்பொருட்டே.

இதனினும் முக்கியமானதொன்று, பிழையெல்லையை எழுதும் முறை. இக்காலத்துச் சிறந்த யுரேனியம்–ஈய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வயதுக்கு மூன்று பிழையெல்லைகள் வரிசையாகக் காட்டப்படுகின்றன. முதலாவது, அளத்தலில் மட்டும் நேரக்கூடிய பிழை. இரண்டாவது, அதனோடு அடையாளக் கரைசலின் பிழையையும் கூட்டியது. மூன்றாவது, யுரேனியம் சிதையும் வேகத்தைப் பற்றிய நமது அறிவிலுள்ள பிழையையும் சேர்த்தது. 238 எடையுள்ள யுரேனியத்தின் வேகமே ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஐயத்துக்கிடமானது. 25 கோடி ஆண்டில் அஃது ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஆண்டாகும். மெய்ஷான் எல்லையின் பிழை 24 ஆயிரம் ஆண்டே என்பது, அதே கரைசலால் அளந்த மற்றொரு யுரேனியம்–ஈய வயதோடு ஒப்பிடுங்கால் மட்டும் பொருந்தும். ஆர்கான் முறையால் வந்த வயதோடு ஒப்பிடுங்கால் இரண்டரை இலட்சத்தையும் நினைவில் வைத்தல் வேண்டும். எண் ஒன்றே, அதனை யாரோடு நிறுத்துகிறோம் என்பதற்கேற்ப அதன் உறுதி வேறுபடுகின்றது. இவ்வளவு அடக்கமும் இவ்வளவு துணிவும் ஒருங்கே அமைந்த எழுத்துமுறை வேறு துறைகளிலும் பரவுமாயின் நலமாகும்.

ஆகவே நாம் வற்புறுத்த விரும்புவன மூன்று. கல்லின் வயதை வெளியிடும் ஒவ்வொரு சாலையும், அதே நாட்களில் அதே கருவியில் பொதுப்பிரமாணக் கல்லுக்குத் தான் கண்ட வயதையும் உடன் அச்சிடுதல் வேண்டும். அஃது இன்றித் தனியே வரும் வயதை ஆசிரியர்கள் ஏற்றல் கூடாது. இஃது ஒன்று. சாலைகள் ஒன்றுக்கொன்று பெயரறியாக் கற்களை அனுப்பி, விடை வந்தபின்னரே முடிச்சை அவிழ்க்கும் வழக்கம் இடைவிடாது நடைபெறுதல் வேண்டும். அதில் வரும் வேற்றுமைகளையும் ஒளியாது வெளியிடுதல் வேண்டும். இஃது இரண்டாவது. பிரமாணக் கற்களைப் பேணும் பொருட்காட்சிச்சாலைகளுக்கும் நிலையங்களுக்கும் போதிய பொருளுதவி அளித்தல் வேண்டும். இஃது மூன்றாவது. கனடாவின் ஒண்டாரியோவிற் கிடைத்து, ஹார்வர்டு கனிமக் காட்சிச்சாலையில் 91500 என்னும் எண்ணோடு இருந்த 238 கிராம் எடையுள்ள ஒரு சிர்க்கான் படிகத்தை உடைத்துப் பகிர்ந்தளித்தமையால், 1995 முதல் உலகெங்குமுள்ள சாலைகள் ஒரே கல்லைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும் பேறு பெற்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் முழுமையாக இருந்திருந்தால் அது காண்பார்க்கு அழகு தந்திருக்கும். துண்டுபட்டமையால் ஒரு துறை முழுவதற்கும் அளவுகோலாயிற்று.

இம்முறையால் நேரும் செலவு சிறிய சாலைகளுக்குச் சுமையாகும் என்பர். நாம் மாறாக நினைக்கிறோம். பெரும்புகழ் வாய்ந்த சாலையின் எண்ணை உலகம் அதன் பெயருக்காகவே நம்பிவிடும். பெயரற்ற சாலை எத்துணை நுட்பமாய் அளந்தாலும் ஐயுறும். பெயரறியாக் கல்லோ ஆள்பார்த்துப் பேசாது. அதனைச் சரியாக அளந்தவன் எந்த ஊரானாயினும் அவன் கை நம்பத்தக்க கை. எளியோர்க்குக் கௌரவம் தேடித்தரும் வழி இதனினும் நேரானது வேறில்லை.

முடிவில் நம் மாணாக்கரை நோக்கி ஒரு சொல். நாமும் ஒருகாலத்தில் பௌதிகப் பரிசோதனை அறையில் ஊசலை ஆட்டி, பூமியின் ஈர்ப்பு வேகத்தைக் கணக்கிட்டவர்களே. புத்தகத்தில் 980 என்று இருந்தது. நமக்கு 978 வந்தது. நேரம் குறித்ததில் பிழைத்தோம் என்று அஞ்சி, ஓரிரு எண்களை அழித்து, 980 வருமாறு பின்னோக்கிக் கணக்கிட்டு, பதிவேட்டில் எழுதி, நன்மதிப்பெண்ணும் பெற்றோம். பல ஆண்டு கழித்தே அறிந்தோம்: ஈர்ப்பு வேகம் இடத்துக்கிடம் வேறுபடும், பூமத்திய ரேகைக்கு அணித்தான நம் தமிழ்நாட்டில் அது 978-ஐ ஒட்டியே உள்ளது. நாம் அழித்ததே மெய், எழுதியதே பொய். ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு’ என்பது பழமொழி. நாமோ பிறர் குஞ்சைப் பொன்னென்று நம்பி, கையிலிருந்த பொன்னை வீதியில் எறிந்தோம்.

தன் எண்ணே சரியென்று பிறர் எண்ணைப் பாராதிருத்தல் ஒரு குற்றம். பிறர் எண்ணுக்கு இசையத் தன் எண்ணைத் திரித்தல் மற்றொரு குற்றம். இரண்டும் ஒப்பீட்டைக் கெடுப்பன. மெய்ஷானை அளந்தோர் தம் எண்களை ஒருவர்க்கொருவர் இசையத் திருத்திக்கொண்டிருந்தால், ஈயம் கசிந்ததை எவரும் தேடியிரார். ஆதலின் வரும் ஆண்டில் நம் கலாசாலைப் பரிசோதனை அறைகளில் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்குவார்களாக. ஒரு வகுப்பார் அளந்த கரைசலையும், உலோகத் துண்டையும், ஊசலையும் மற்றொரு வகுப்பார் விடையறியாது அளக்கட்டும். இரண்டு விடைகளையும், அவற்றின் வேற்றுமையையும், அவ்வேற்றுமைக்குத் தாம் கண்ட காரணத்தையும் பதிவேட்டில் அருகருகே எழுதட்டும். வேற்றுமைக்குக் காரணம் கண்டவர்க்கு மதிப்பெண் கூடுதலாக அளிக்க ஆசிரியர்கள் இசைவார்களாக. அவ்வாறு பழகிய கை, நாளை எந்த நாட்டுக் கல்லை எடுத்து அளப்பினும், அதன் சொல்லை உலகம் நம்பும்.